பால் பதனிடும் ஆலையில் 20 சேனல் டேட்டா லாகர்: உள்ளீடுகளையும் அலாரங்களையும் எப்படி அமைப்பது?

பால்வளப்பொறி:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நடுத்தர அளவிலான ஒரு பால் பதனிடும் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். பழைய வட்டச் சார்ட் ரெக்கார்டர்களை அகற்றிவிட்டு, அவை செய்த வேலை முழுவதையும் 20 சேனல் (சென்சார் உள்ளீடு) கொண்ட ஒரே டேட்டா லாகருக்கு (அளவுகளைத் தொடர்ந்து பதிவுசெய்யும் கருவிக்கு) மாற்றியிருக்கிறோம். பாஸ்டுரைசரின் ஹோல்டிங் டியூப் (சூடான பால் குறிப்பிட்ட நேரம் கடந்து செல்லும் குழாய்) முடிவில் ஒரு பிடி-100 சென்சார் (வெப்பநிலைக்கு ஏற்ப மின்தடை மாறும் சென்சார்), நான்கு பால் சைலோக்களில் (சேமிப்புத் தொட்டிகளில்) தலா ஒன்று, குளிர் அறைகளிலும் வெண்ணெய் வைக்கும் டீப் ஃப்ரீசரிலும் சில, அமோனியா கம்ப்ரஸரின் டிஸ்சார்ஜ் குழாயில் ஒரு தெர்மோகப்பிள் (இரு உலோகக் கம்பிகளின் இணைப்பால் வெப்பநிலையை அளப்பது), கண்டென்சர் அழுத்தத்துக்கு 0 முதல் 25 பார் வரையிலான 4–20 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்மிட்டர் (அளவை மின்னோட்டமாக மாற்றி அனுப்புவது), இயந்திர அறையில் அமோனியா கசிவு டிடெக்டர் ஆகியவை இணைக்கப்பட்டுள்ளன. பொருத்த வந்தவர்கள் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு ரேஞ்சும், ஒரு மேல் அலாரமும், ஒரு கீழ் அலாரமும் கொடுத்துவிட்டுச் சென்றுவிட்டார்கள்.

இப்போதுள்ள சிக்கல்களைச் சொல்கிறேன். மூன்றாவது சைலோவில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் 4 டிகிரி இருக்கிறது. லாகர் 8 காட்டுகிறது. கண்டென்சர் லைனில் உள்ள முள் கேஜ் 12.5 பார் காட்டும்போது லாகர் 15 காட்டுகிறது. குளிர் அறையில் லோடிங் நடக்கும் ஒவ்வொரு முறையும் ஹூட்டர் அலறுகிறது. பாஸ்டுரைசரைப் பிரிக்காமலேயே உள்ளே கரைசல் ஓட்டிக் கழுவும் சிஐபியின்போதும், காலையில் தண்ணீரில் ஓட்டிச் சூடேற்றும்போதும் கீழ் அலாரம் வருகிறது. இதனால் இரவு ஷிப்டில் யாரோ ஹூட்டரின் ஒயரையே கழற்றி வைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

கருவியாளர்:

வணக்கம். ஹூட்டரின் ஒயரை உடனே திரும்ப மாட்டச் சொல்லுங்கள். ஆனால் அலாரத்தின் அளவுகளை இப்போது தொடாதீர்கள். உள்ளே வரும் எண் உண்மையானதா என்பது தெரியாத நிலையில், அதன் மேல் வைக்கும் எந்த எல்லைக்கும் பொருள் கிடையாது. முதலில் சேனல், பிறகு அலாரம். இந்த வரிசையை மாற்றினால், தவறான அளவீட்டுக்கு ஏற்ற தவறான எல்லையை வைத்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று நம்பத் தொடங்கிவிடுவோம்.

மூன்றாவது சைலோவைப் பற்றி என் ஊகம் இது: அந்தச் சென்சாரிலிருந்து லாகர் வரை இரண்டு கோர் கேபிள்தான் வந்திருக்கும், லாகர் முனையில் மூன்றாவது டெர்மினலுக்கு ஒரு சிறு ஜம்பர் போட்டிருப்பார்கள். திறந்து பாருங்கள். பிடி-100 சென்சார் 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.51 ஓம் காட்டும். அதாவது குளிர்ந்த பகுதியில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 ஓம்தான் மாறும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கிலோமீட்டருக்கு 12 முதல் 13 ஓம் வரை இருக்கும். சைலோ 60 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 120 மீட்டர், ஏறத்தாழ 1.5 ஓம். அந்த 1.5 ஓமையும் சென்சாரின் தடையாகவே லாகர் எடுத்துக்கொள்ளும். கணக்குப் போட்டால் 4 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக வரும். நீங்கள் சொல்லும் வேறுபாடும் அதுவே. மூன்று ஒயர் இணைப்பின் பயன் என்னவென்றால், மூன்றாவது ஒயரின் வழியாக லாகர் கம்பியின் தடையைத் தனியே அளந்து கழித்துவிடும். அதற்கு மூன்று ஒயரும் ஒரே தடிமனிலும் ஒரே நீளத்திலும் சென்சாரின் தலை வரை செல்ல வேண்டும். லாகர் முனையில் ஜம்பர் போட்டால் கழிப்பதற்கு எதுவும் இராது.

கம்ப்ரஸரின் தெர்மோகப்பிளைப் பற்றி நீங்கள் எதுவும் குறிப்பிடவில்லை. ஆனால் எனக்கு அதன் மீதுதான் அதிகக் கவலை. சென்சார் எந்த வகை, லாகரில் எந்த வகை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கே வகைச் சென்சாரை ஜே வகை என்று அமைத்திருந்தால், லாகரின் டெர்மினல் 30 டிகிரியில் இருக்க, குழாய் உண்மையில் 120 டிகிரிக்குச் சென்றிருந்தாலும் திரையில் ஏறத்தாழ 100 டிகிரி என்றே தெரியும். நம்பத்தகுந்த எண்ணாக இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மேல் அலாரமும் வர வேண்டிய நேரத்தில் வராது. கேபிளின் நிறத்தையும் பாருங்கள். ஐஇசி என்ற சர்வதேச முறையில் கே வகைக்கு நேர் முனை பச்சை, எதிர் முனை வெள்ளை. அமெரிக்க முறையில் நேர் முனை மஞ்சள், எதிர் முனை சிவப்பு. சிவப்பு என்றால் பிளஸ் என்ற பழக்கத்தில் மாற்றி இணைத்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது.

மற்றொன்று, லாகரின் பொது அமைப்பில் மின்சார அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். சில கருவிகள் 60 ஹெர்ட்ஸ் அமைப்போடு வரும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு முழுச் சுழற்சியான 20 மில்லி விநாடி நேரம் சிக்னலைச் சேர்த்து அளந்தால்தான் மின்வழியின் இரைச்சல் தன்னைத்தானே நீக்கிக்கொள்ளும்.

குளிர்க்காப்பு:

நான் அமோனியா குளிர்பதன ஆலைகளில் வேலை செய்பவன். கண்டென்சர் அழுத்தத்தைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன். உங்கள் லாகரின் உள்ளீடு வோல்டேஜை மட்டுமே ஏற்பது என்றால், 250 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே போட்டிருப்பார்கள். 4 மில்லி ஆம்பியர் 1 வோல்ட் ஆகவும், 20 மில்லி ஆம்பியர் 5 வோல்ட் ஆகவும் மாறும். சேனலில் 1–5 வோல்ட் என்று அமைக்காமல் 0–5 வோல்ட் என்று அமைத்து அதற்கு 0–25 பார் என்று ஸ்கேல் கொடுத்திருந்தால், 12.5 பார் இருக்கும்போது வரும் 3 வோல்ட் சரியாக 15 பார் என்று தெரியும். உங்கள் எண்கள் அப்படியே பொருந்துகின்றன. இந்தப் பிழை கீழே செல்லச் செல்ல அதிகரித்து, மேலே 25 பாரில் மறைந்துவிடும். ஆகவே மேல் எல்லையில் மட்டும் சோதித்தால் கண்ணில் படாது. அழுத்தமே இல்லாதபோது 5 பார் காட்டுகிறதா என்று பாருங்கள்.

இதைச் சரிபார்க்க இன்னொரு வழியும் நம் கையிலேயே இருக்கிறது. அமோனியாவின் அழுத்த அட்டவணையில் கேஜ் அழுத்தம் 12.5 பார் என்றால் கண்டென்சிங் வெப்பநிலை 35 டிகிரி. 15 பார் என்றால் ஏறத்தாழ 41 டிகிரி. கண்டென்சரிலிருந்து வெளிவரும் திரவக் குழாய் அதற்கு ஏற்ப இருக்கிறதா என்று கை வைக்கும் தெர்மாமீட்டரால் பார்த்தாலே எந்தக் கருவி உண்மை சொல்கிறது என்று ஓரளவு புரிந்துவிடும். ஒரு சேனலை அதற்குத் தொடர்பில்லாத இன்னொரு அளவீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் நம் துறையில் இன்னும் பரவ வேண்டும் என்பது என் விருப்பம்.

பால்வளப்பொறி:

இருவருக்கும் மிக்க நன்றி. கருவியாளர் ஐயா சொன்னதுபோல் மூன்றாவது சைலோவுக்கு இரண்டு கோர் கேபிள்தான் வருகிறது; லாகரில் ஜம்பர் இருக்கிறது. அழுத்தச் சேனலும் 0–5 வோல்ட் என்றே இருந்தது; மாற்றியவுடன் கேஜுக்கும் லாகருக்கும் ஒத்துப்போய்விட்டது. சைலோவுக்குப் புதிய கேபிள் இழுக்க உற்பத்தியை நிறுத்த வேண்டியிருக்கும். அளவோடு ஒரு நிலையான எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ லாகரில் ஆஃப்செட் என்று ஒரு வசதி இருக்கிறதே, அதில் மைனஸ் 4 கொடுத்துவிட்டால் போதாதா?

பேனல்காரர்:

தற்காலிகமாகப் போதும் என்பது என் கருத்து. பல ஆலைகளில் அப்படித்தான் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. சைலோவின் வெப்பநிலை 3 முதல் 6 டிகிரிக்குள் நிற்பது. அந்தச் சிறிய இடைவெளியில் ஆஃப்செட் சரியாகவே இருக்கும்.

கருவியாளர்:

பேனல்காரர் சொல்வதில் ஒரு பகுதியை ஏற்கிறேன். கம்பியின் தடை நிலையாக இருக்குமானால் ஆஃப்செட் போதும். ஆனால் அது நிலையாக இருப்பதில்லை. செம்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் மாறும். அதிகாலைக்கும் நண்பகலுக்கும் இடையே கேபிள் தட்டில் 20 டிகிரி வேறுபாடு இருந்தால், அந்த 1.5 ஓம் 0.12 ஓம் அளவுக்கு மாறி, 0.3 டிகிரி பிழையைத் தரும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ள முடியாதது டெர்மினல்தான். சைலோவைச் சுற்றி நாள்தோறும் தண்ணீர் அடித்துக் கழுவுகிறார்கள். சென்சாரின் தலைமூடியில் உள்ள ரப்பர் வளையம் கிழிந்திருந்தால் உள்ளே ஈரம் புகுந்து திருகில் பச்சை பிடிக்கும். அந்தத் தொடர்பில் அரை ஓம் கூடினால் 1 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். மூன்று ஒயர் இருந்தாலும் திருகுகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் பச்சை பிடித்தால் பிழை வரத்தான் செய்யும் என்பது உண்மை. ஆனால் இரண்டு ஒயரில் அது முழுமையாகவே அளவீட்டில் சேர்ந்துவிடும்.

ஆஃப்செட் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மூன்று செயல்களைச் செய்யுங்கள்: லாகரின் சேனல் பெயரிலேயே அது திருத்தப்பட்ட அளவு என்று எழுதுங்கள், தேதியைப் பதிவேட்டில் குறியுங்கள், அடுத்த நிறுத்தத்தில் கேபிள் மாற்றும் வேலையைப் பட்டியலில் சேருங்கள். எழுதி வைக்காத ஆஃப்செட் மிகவும் ஆபத்தானது. பின்னால் வருபவர் கேபிளைச் சரியாக மாற்றியபின், 4 டிகிரிப் பால் 0 டிகிரி என்று தெரியும். 8 டிகிரிக்குச் சென்ற பால் 4 டிகிரி என்று தெரியும்.

தரப்பிரிவு:

ஒரு பால் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவள் என்ற முறையில் பாஸ்டுரைசர் சேனலைப் பற்றி எழுதுகிறேன். இங்கே பேசப்படும் எல்லாச் சேனல்களிலும் மக்களின் உடல்நலத்தோடு நேரடியாகத் தொடர்புடையது இது ஒன்றே. ஆகவே சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பால் 72 டிகிரியில் குறைந்தது 15 விநாடிகள் நிற்க வேண்டும். ஹோல்டிங் டியூபின் முடிவில் வெப்பநிலை குறைந்தால் டைவர்ஷன் வால்வு பாலைத் திருப்பிப் பேலன்ஸ் டேங்குக்கு அனுப்ப வேண்டும். முதலில் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள்: வால்வைத் திருப்பும் வேலை லாகரின் ரிலேயை நம்பி இருக்கக் கூடாது. அதற்கென்று தனிக் கன்ட்ரோலரும், கூடுமானால் தனிச் சென்சாரும் இருக்க வேண்டும். லாகர் சாட்சி, சாட்சியையே காவலாகவும் வைத்தால், அது நின்றுபோகும் நாளில் இரண்டும் இல்லாமல் போய்விடும்.

அடுத்து, உங்கள் ஹூட்டர் ஏன் சிஐபி நேரத்தில் அலறுகிறது என்றால், அலாரத்தின் நிபந்தனை முழுமையாக இல்லை. 72 டிகிரிக்குக் கீழே இருப்பது மட்டும் குற்றமன்று. காலையில் தண்ணீர் சூடேறும்போதும் அப்படித்தான் இருக்கும். வெப்பநிலை 72க்குக் கீழே இருக்கும்போது வால்வு முன்னோக்கித் திறந்திருப்பதுதான் குற்றம். ஆகவே டைவர்ஷன் வால்வின் நிலையை டிஜிட்டல் உள்ளீடாக எடுத்து, இரண்டும் ஒருசேர நிகழும்போது மட்டும் அலாரம் வரும்படி லாகரின் லாஜிக் சேனலில் அமையுங்கள். சிஐபியின்போது வால்வை இரு பக்கமும் மாற்றிக் கழுவுவார்கள் என்பதால், பாலா கழுவலா என்று காட்டும் செலக்டர் சுவிட்சையும் ஓர் உள்ளீடாகச் சேர்க்க வேண்டியிருக்கும். சுவிட்சைத் தவறான நிலையில் விட்டுவிட்டுப் பால் ஓட்டினால் அலாரம் ஊமையாகிவிடும் என்பதால், அந்தச் சுவிட்சின் நிலையும் நேரத்தோடு பதிவாக வேண்டும்.

வால்வின் நிலையை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். வால்வை இயக்கும் மின்காந்தமான சொலினாய்டுக்குச் செல்லும் 24 வோல்ட்டை எடுப்பது எளிது. ஆனால் அது வால்வுக்குக் கொடுத்த கட்டளையைத்தான் சொல்லும், வால்வு உண்மையில் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லாது. வால்வின் தண்டில் உள்ள லிமிட் சுவிட்சிலிருந்தே எடுங்கள். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில், திறந்தபடியே சிக்கிக்கொண்ட ஒரு வால்வை மூடியிருப்பதாக இயக்குநர்கள் நம்பியதற்கு, பேனலின் விளக்கு சொலினாய்டின் நிலையை மட்டும் காட்டியதே ஒரு பெரிய காரணம்.

இன்னொரு கேள்வி: உங்கள் லாகர் எத்தனை விநாடிக்கு ஒரு முறை அளக்கிறது, எத்தனை விநாடிக்கு ஒரு முறை பதிவுசெய்கிறது? இவை இரண்டும் வேறு வேறு. ஒரு நிமிடச் சராசரியைப் பதிவுசெய்தால், 5 விநாடிகள் 71 டிகிரிக்கு இறங்கி ஏறியது தெரியவே தெரியாது. பால் 15 விநாடிகளில் கடந்துவிடும் இடத்தில் 10 விநாடிக்கு ஒரு முறை அளப்பது போதாது. இந்தச் சேனலுக்கு மட்டுமாவது ஒரு விநாடி ஸ்கேன் வையுங்கள். சராசரியோடு குறைந்தபட்ச அளவையும் பதிவுசெய்யுங்கள். ஏற்ற இறக்கங்களைச் சமப்படுத்திக் காட்டும் ஃபில்டரை நீக்குங்கள் அல்லது மிகக் குறைவாக வையுங்கள். அலாரத்துக்கு டிலே (தாமத நேரம்) வேண்டாம்.

குளிர்க்காப்பு:

சகோதரி தரப்பிரிவு சொன்னது பாஸ்டுரைசருக்கு முற்றிலும் சரி. ஆனால் அதே கண்டிப்பைக் குளிர் அறைக்கும் கொண்டுசென்றால் ஹூட்டரின் ஒயர் மறுபடியும் கழற்றப்படும். அங்கே டிலே கட்டாயம் தேவை.

கதவைத் திறந்தால் ஆவியாக்கியின் அருகே தொங்கும் சென்சாரில் காற்றின் வெப்பநிலை சட்டென்று ஏறும். கிரேட்டில் இருக்கும் பால் பாக்கெட் அவ்வளவு விரைவில் சூடாகாது. நாம் காக்க விரும்புவது பாலைத்தானே தவிர காற்றையன்று. உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசிக் குளிர்சாதனப் பெட்டிகளின் 30 நாள் பதிவுக் கருவிகளுக்கு வகுத்திருக்கும் அலாரத்தைப் பாருங்கள்: 8 டிகிரிக்கு மேல் தொடர்ந்து 10 மணி நேரம் இருந்தால் மேல் அலாரம், மைனஸ் 0.5 டிகிரியிலோ அதற்குக் கீழோ 60 நிமிடங்கள் இருந்தால் கீழ் அலாரம். இரண்டுக்கும் இவ்வளவு வேறுபாடு ஏன் என்றால், பல தடுப்பூசிகள் சிறிது வெப்பத்தைத் தாங்கும். ஆனால் உறைந்துபோனால் கெட்டுவிடும். டிலே என்பது ஹூட்டரின் தொல்லையைக் குறைக்க நாமாகப் போடும் எண் அன்று. அந்தப் பொருள் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதிலிருந்து அது வர வேண்டும். பாலுக்கு அந்த 10 மணி நேரம் பொருந்தாது. அந்த அணுகுமுறையைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

என் பரிந்துரை: கிளைக்கால் (glycol என்ற உறையாத் திரவம்) நிரப்பிய சிறு பாட்டிலுக்குள் ஒரு சென்சாரை வைத்து அதையே அலாரத்துக்குப் பயன்படுத்துங்கள். காற்றுச் சென்சாரை அலாரம் இல்லாமல் பதிவுக்கு மட்டும் வையுங்கள். கதவு எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பது அதன் கோட்டிலேயே தெரிந்துவிடும். ஹிஸ்டெரிசிஸ் (அலாரம் வரும் அளவுக்கும் விடும் அளவுக்கும் இடையிலான வேறுபாடு) அரை டிகிரியாவது கொடுங்கள். இல்லையென்றால் எல்லைக்கோட்டில் நின்று அலாரம் வந்து வந்து போய்க்கொண்டிருக்கும். டீப் ஃப்ரீசரில் ஹாட் கேஸ் டிஃப்ராஸ்ட் (சூடான வாயுவால் பனியை உருக்குவது) ஓடும்போது வெப்பநிலை ஏறுவது இயல்பு. டிஃப்ராஸ்ட் ரிலேயின் தொடர்பு ஒன்றை உள்ளீடாக எடுத்து அந்த நேரத்தில் அலாரத்தைத் தடுக்கலாம். ஆனால் தடுப்புக்கு ஒரு மேல் எல்லை நேரம் கட்டாயம் வையுங்கள், ஏனெனில் டிஃப்ராஸ்ட் வால்வு மூடாமல் சிக்கிக்கொள்வதுதான் நாம் அறிய வேண்டிய பழுதே.

தரப்பிரிவு:

கிளைக்கால் பாட்டிலுக்கு உடன்படுகிறேன். ஆனால் பாட்டிலையும் வைத்து, அதன் மேல் நீண்ட டிலேயையும் வைத்தால் இரண்டு தாமதங்கள் கூடிவிடும் அல்லவா? பாட்டில் வைத்தபின் டிலேயைச் சில நிமிடங்களுக்குள் நிறுத்துங்கள். அரை லிட்டர் பாக்கெட்டைவிடப் பெரிய பாட்டிலையும் வைக்காதீர்கள்.

குளிர்க்காப்பு:

சரியான திருத்தம். ஏற்றுக்கொள்கிறேன்.

கருவியாளர்:

இப்போது அலாரங்களின் எண்ணிக்கைக்கு வருவோம். 20 சேனலுக்கும் மேலும் கீழும் என்று 40 அலாரங்கள் அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது வந்தால் யார் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடியாதவற்றை நீக்கிவிடுங்கள். அவை பதிவாகவே இருக்கட்டும். சைலோ காலியாக இருக்கும்போது வரும் மேல் அலாரத்துக்கு யாரும் எதுவும் செய்யப் போவதில்லை.

இது வசதிக்காகச் சொல்லும் யோசனை அன்று. 1994 ஜூலை 24 அன்று பிரிட்டனின் மில்ஃபோர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நிகழ்ந்தபோது, அதற்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு இயக்குநர்கள் 275 அலாரங்களை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. முக்கியமானது எது என்று அந்த வெள்ளத்தில் எவராலும் பிரித்தறிய முடியாது. அதன்பின் வந்த, அலாரம் அமைப்புகளுக்கான ஈமுவா (EEMUA) 191 வழிகாட்டி, சீரான இயக்கத்தில் ஓர் இயக்குநருக்குப் 10 நிமிடத்துக்கு ஓர் அலாரத்துக்கு மேல் வராமல் இருப்பது நல்லது என்கிறது.

வராத அலாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் 912 ஆம் எண் தொட்டியின் மட்டம் காட்டும் கருவி அதிகாலை 3 மணியளவில் ஒரே அளவில் நின்றுவிட்டது. பெட்ரோல் உள்ளே வந்துகொண்டே இருந்தது. காட்டிய அளவு எல்லைக்குக் கீழேயே இருந்ததால் மேல் அலாரம் வரவே இல்லை. தனியாக வைத்திருந்த உயர்மட்ட சுவிட்சும் இயங்கவில்லை. 6 மணிக்குச் சற்றுப் பின் கிடங்கு வெடித்தது. பார்த்தால் நேர்கோடு, அதில் தவறு இருக்கிறது என்று எந்த அலாரமும் சொல்லவில்லை. உங்கள் லாகரில் கணக்கீட்டுச் சேனல் இருந்தால், கம்ப்ரஸர் ஓடும்போது கண்டென்சர் அழுத்தம் அரை மணி நேரமாகச் சிறிதும் அசையவில்லை என்றால் எச்சரிக்கும்படி ஒன்று அமையுங்கள். பாஸ்டுரைசருக்கும் அது பொருந்தும். நிறைந்த சைலோவுக்குப் பொருந்தாது. அங்கே நேர்கோடு உண்மையாகவே இருக்கும்.

பேனல்காரர்:

ஒயரிங் பற்றிய என் பங்கைச் சேர்க்கிறேன். சென்சார் அறுந்தால் லாகர் எந்தப் பக்கம் காட்ட வேண்டும் என்று ஒவ்வொரு சேனலிலும் ஓர் அமைப்பு இருக்கும். பர்ன்அவுட் என்று பட்டியலில் வரும். பெரும்பாலும் எல்லாச் சேனலுக்கும் மேல் பக்கம் என்றே விட்டுவிடுகிறார்கள். குளிர் அறைக்கு அது சரி. சென்சார் அறுந்தால் மேல் அலாரம் வரும். ஆனால் பாஸ்டுரைசரில் அதே அமைப்பு இருந்தால், சென்சார் அறுந்தவுடன் அளவு உச்சிக்குப் போய் 72க்கு மேல் இருப்பதாகத் தெரியும். கீழ் அலாரம் வாய்திறக்காது. அங்கே கீழ்ப் பக்கம் என்று அமைக்க வேண்டும். இரண்டிலுமே சென்சார் பழுதுக்கென்று தனி அலாரம் இருப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் பால் குளிர்ந்துவிட்டதா, ஒயர் அறுந்துவிட்டதா என்று ஆபரேட்டருக்கு உடனே தெரிய வேண்டும்.

அமோனியா டிடெக்டரில் இதைவிடக் கவனம் தேவை. ஒயர் அறுந்தால் மின்னோட்டம் பூஜ்ஜியமாகும். திரையில் கசிவு இல்லை என்பதுபோலத் தோன்றும். கருவித் துறைப் பயனர் சங்கமான நாமூரின் (NAMUR) என்இ 43 பரிந்துரைப்படி 3.8 முதல் 20.5 மில்லி ஆம்பியர் வரை அளவீடு, 3.6 மற்றும் அதற்குக் கீழ், 21 மற்றும் அதற்கு மேல் என்றால் பழுது. ஆகவே 250 ஓம் ரெசிஸ்டரில் 0.9 வோல்ட்டுக்குக் கீழ் வந்தால் பழுது அலாரம் கொடுங்கள். பராமரிப்பு நேரத்தில் சில டிடெக்டர்கள் 4க்குக் கீழான ஒரு மின்னோட்டத்தை வேண்டுமென்றே அனுப்பும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். 8 மணி நேர வேலைக்கான வரம்பு 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) என்பதால் முதல் அலாரத்தை அங்கே வைக்கலாம். 300 பிபிஎம் என்பது உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு, இரண்டாவது அலாரம் அதற்கு வெகு முன்பே வந்தாக வேண்டும். இது லாட்ச் ஆக இருக்கட்டும்: வாயு குறைந்தாலும் ஒருவர் வந்து பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை விளக்கு அணையக் கூடாது. குளிர் அறைக்கு லாட்ச் தேவையில்லை.

ரிலேக்களை இயல்பு நிலையில் மின்னூட்டத்தோடு இருக்கும்படியும், அலாரம் வந்தால் விடும்படியும் அமையுங்கள். லாகருக்கே மின்சாரம் போனாலும், ரிலேக்குச் செல்லும் ஒயர் அறுந்தாலும் ஹூட்டர் ஒலிக்கும். ஹூட்டருக்கான 24 வோல்ட் யுபிஎஸ்ஸிலிருந்து வர வேண்டும்.

பால்வளப்பொறி:

நீங்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்து வருகிறோம். கம்ப்ரஸர் தெர்மோகப்பிள் கே வகை. லாகரில் ஜே என்றே இருந்தது. கருவியாளர் ஐயா கேட்டிராவிட்டால் அதை யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டோம். மாற்றியவுடன் டிஸ்சார்ஜ் வெப்பநிலை நாங்கள் நினைத்திருந்ததைவிட அதிகம் என்று தெரிந்தது. கம்ப்ரஸரின் ஜாக்கெட் தண்ணீரையும் வால்வுகளையும் இப்போது சரிபார்க்கிறோம். 40 அலாரங்களில் 11 மட்டும் நின்றன. அந்தப் பட்டியலை ஷிப்ட் ஆபரேட்டர்களோடு உட்கார்ந்துதான் எழுதினோம். டீப் ஃப்ரீசரின் டிஃப்ராஸ்ட் நேர எல்லையைச் சொன்னவர் இரவு ஷிப்டின் மூத்த ஆபரேட்டர்.

பாஸ்டுரைசர் சேனலை டெக்கேட் பாக்ஸ் (விரும்பிய மின்தடையைத் தரும் பெட்டி) கொண்டு சோதிக்க எண்ணுகிறேன். எந்த அளவுகளைக் கொடுக்க வேண்டும்? மேலும் நான்காவது சைலோவின் கான்டியூட் (ஒயர் செல்லும் குழாய்) நிறைந்திருப்பதால் மூன்றாவது ஒயர் இழுக்கவே முடியவில்லை. அதற்கு என்ன வழி?

கருவியாளர்:

சென்சாரின் தலையில் ஒயர்களைக் கழற்றி, அங்கேதான் பாக்ஸை இணைக்க வேண்டும். லாகர் முனையில் இணைத்தால் கேபிளைச் சோதிக்காமல் விட்டதாகிவிடும். 100 ஓம் கொடுத்தால் 0, 127.84 ஓம் கொடுத்தால் 72, 138.51 ஓம் கொடுத்தால் 100 டிகிரி காட்ட வேண்டும். பிறகு 127.84லிருந்து மெதுவாக இறக்கி, அலாரம் எந்த இடத்தில் வருகிறது, ஏற்றும்போது எந்த இடத்தில் விடுகிறது என்று இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். வால்வின் லிமிட் சுவிட்சைக் கையால் இயக்கி, திருப்பிய நிலையில் அலாரம் வராமல் இருப்பதையும் பாருங்கள். கடைசியாக ஓர் ஒயரைக் கழற்றி விடுங்கள். திரையில் பழுது என்று வந்து, ரிலே விட்டு, ஹூட்டர் ஒலித்து, ஆபரேட்டர் அறையில் அது காதில் விழுகிறதா என்பது வரை ஒருவரை நிறுத்திச் சரிபாருங்கள். பாக்ஸ் சோதனை சென்சாரைச் சோதிக்காது. அதற்கு நன்கு நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த குடுவையில் சென்சாரை வைத்து 0 டிகிரி காட்டுகிறதா என்று தனியே பார்க்க வேண்டும்.

நான்காவது சைலோவுக்கு, சென்சாரின் தலைக்குள்ளேயே பொருத்தும் டிரான்ஸ்மிட்டரை வாங்குங்கள். அது தடையை 4–20 மில்லி ஆம்பியராக மாற்றி அனுப்பும் என்பதால், இருக்கும் இரண்டு ஒயரே போதும். கேபிளின் தடை அளவீட்டைப் பாதிக்காது. ரேஞ்சை 0–200 என்று வாங்காமல் மைனஸ் 10 முதல் 50 வரை என்று அமைத்து வாங்குங்கள். லாகரின் அந்தச் சேனலையும் ஆர்.டி.டி.யிலிருந்து (பிடி-100 போன்ற தடைச் சென்சார் வகையிலிருந்து) 1–5 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும். சைலோவைச் சூடான கரைசலால் கழுவும்போது அளவு 50ஐத் தாண்டி உச்சிக்குச் சென்று நிற்கும். அது பழுதாகக் காட்டப்படாமல் இருக்கக் கழுவல் சுவிட்சை இதற்கும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்; அல்லது ரேஞ்சை 100 வரை வைத்துத் துல்லியத்தில் சிறிது இழக்கச் சம்மதியுங்கள்.

பேனல்காரர்:

அந்த 250 ஓம் ரெசிஸ்டரைக் கடையில் கிடைத்ததைப் போட்டுவிடாதீர்கள். மைனஸ் 10 முதல் 50 வரையிலான ரேஞ்சில், பால் 4 டிகிரியில் இருக்கும்போது 1.93 வோல்ட் வரும். ஒரு வோல்ட்டுக்கு 15 டிகிரி. ரெசிஸ்டரில் 1 சதவீதப் பிழை இருந்தால் 0.3 டிகிரி தவறும், 0.1 சதவீத ரெசிஸ்டர் என்றால் 0.03 டிகிரிதான். டிரான்ஸ்மிட்டருக்கான 24 வோல்ட்டையும் ஹூட்டரோடு சேர்த்து யுபிஎஸ்ஸிலேயே கொடுத்துவிடுங்கள்.